அமதேவு வாரெலாவின் பன்னிரண்டு விநாடி

1971ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 16ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு, லிஸ்பன் நகரக் காவல் நிலையம் ஒன்றில், உதவி ஆய்வாளர் முன்னிலையில், தாமாக வந்த சாட்சி சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதியது.

என் பெயர் அபிலியோ குயின்டேலா. தந்தை பெயர் எர்மீனியோ குயின்டேலா, காலமாகிவிட்டார். வயது நாற்பத்து நான்கு. காம்போ த ஒரிக் பகுதியில் ஒரு ரொட்டிக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில், மனைவியைப் பிரிந்து தனியாக வசிக்கிறேன். தொழில், வானொலியில் போர்ச் செய்தியாளர். நாட்டில் போர் எதுவும் நடக்காததால் அந்தச் சொல்லைப் போட இயலாது என்று உதவி ஆய்வாளர் கூறினார். அப்படியானால் பத்து ஆண்டாக ஆப்பிரிக்காவில், அங்கோலாவிலும் மொசாம்பிக்கிலும் கினியிலும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டேன். "கடல்கடந்த மாகாணங்களின் செய்தியாளர்" என்று போடும்படி எழுத்தரிடம் சொன்னார். அப்படியே இருக்கட்டும்.

கடந்த நவம்பர் மாதம் 19ஆம் தேதி, ஒலிப்பதிவுக் கருவியுடன் கினியின் தெற்கே ஆற்றங்கரையில் உள்ள ராணுவ முகாமுக்குச் சென்றேன். சிப்பாய்கள் வீட்டாருக்குச் சொல்லும் கிறிஸ்துமஸ் வாழ்த்தைப் பதிவு செய்வது வேலை. ஒருவருக்குப் பன்னிரண்டு விநாடி. பெயர், ஊர், வாழ்த்து, நான் நன்றாக இருக்கிறேன், திரும்பி வரும்வரை விடைபெறுகிறேன். இதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. எந்த நாள், எந்த நேரம் யாருடைய குரல் வரும் என்று வீடுகளுக்கு முன்கூட்டியே கடிதம் போய்விடும். அந்த நேரத்தில் அந்தப் பெயர் வராவிட்டால் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்பது இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

பட்டியலில் இருபத்து மூன்றாவது பெயர் சிப்பாய் அமதேவு வாரெலா, வயது இருபத்திரண்டு, போர்ச்சுகலின் வடக்கே பிரகான்சா மலைப்பக்கத்துக்காரர். அவர் வரிசையில் இல்லை. ஒரு வாரத்துக்கு முன் அவர் சென்ற லாரி கண்ணிவெடியில் சிக்கி, கீழ்த்தாடையும் நாக்கின் பெரும்பகுதியும் போய், மருத்துவக் கூடாரத்தில் கிடப்பதாக அவருடைய நண்பர் காசிமிரோ என்ற சிப்பாய் சொன்னார். அதன் பின்னர் இருவரும் கூடாரத்துக்குச் சென்றோம். கண்ணுக்குக் கீழே முழுவதும் கட்டு. அமதேவு ஒரு சிகரெட் அட்டையில் பென்சிலால் எழுதி நண்பரிடம் நீட்டினார்: "அம்மா கேட்டுக்கிட்டு இருக்கும். எனக்குப் பதிலா நீ பேசுடா. இந்த மூஞ்சி விஷயம் அதுக்குத் தெரிய வேண்டாம்."

காசிமிரோ, பாதிரியார்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியில் படித்துப் பாதியில் ஓடிவந்தவர். அமதேவுவின் பெயரில், ஒரே மூச்சில், பிசிறில்லாமல் பேசி முடித்தார். நான் பதிவு செய்தேன். ராணுவ அலுவலகம் தட்டச்சிட்டுத் தரும் "நிலைமை அமைதியாக உள்ளது" என்பதை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், அதற்கு இது எவ்வளவோ மேல் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். டிசம்பர் 22 அன்று மாலை அது ஒலிபரப்பாயிற்று.

அதன் பின்னர் ஜனவரி 11 முதல், வானொலி நிலைய வாசலில் கறுப்புடையில் ஒரு பெண்மணி மகனின் புகைப்படத்துடன் நின்றார். அவர் அமதேவுவின் தாயார் தெயோலிந்தா வாரெலா, வயது ஐம்பத்தொன்பது, விதவை. வெளியே வரும் ஆண்களை எல்லாம் மறித்து, "ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க ஐயா" என்று கேட்டார். தன் மகன் பெயரில் வந்த குரல் யாருடையது என்று கண்டுபிடிப்பதற்காக. வாயில் காவலாளி, "என் குரலா பாரு கெழவி, பாட்டு வேணும்னாலும் பாடுறேன்" என்று கேலி செய்தார். "நீ இல்ல. உனக்கு நெஞ்செல்லாம் சளி" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைப் பார்த்தார்.

கூடியிருந்தவர்களிடம் அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. "எம்புள்ள எந்தப் பேச்சையும் முழுசா முடிச்சதில்ல. பாதியில விட்டுட்டுச் சிரிப்பான். ரேடியோவுல பேசினவன் கோயில்ல செபம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிக்கிறான். செத்தவன் பேருல ஆள் வச்சுப் பேசுறாங்க. உசுரோட இருக்கான்னு பட்டாளத்துலேருந்து காயிதம் வந்துச்சு. அவங்க இருக்கான்னு சொன்னா இல்லைன்னுதானே அர்த்தம்?"

12ஆம் தேதி மதியம் என்னையும் மறித்தார். "நீங்க பேசுங்க ராசா, ஒரே ஒரு வார்த்தை" என்றார். நான் வாய் திறக்காமல், தலையைக் குனிந்துகொண்டு டிராம் ஏறிவிட்டேன். குண்டுச் சத்தத்துக்குக்கூட நான் அப்படி ஓடியதில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. 14ஆம் தேதி, ராணுவத்தைப் பற்றி வதந்தி பரப்பியதாக அவரைப் பிடித்து இந்த நிலையத்தில் வைத்திருப்பதை நேற்று அறிந்து, இன்று வந்தேன்.

உதவி ஆய்வாளர் முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்த ஒரு தாளை என்னிடம் கொடுத்தார். குரல் சிப்பாய் அமதேவுவுடையதே என்றும், தாயார் புத்தி பேதலித்தவர் என்றும் அதில் இருந்தது. "கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்புங்க சார். அந்தம்மாவ ஏதாவது ஆஸ்பத்திரியில சேத்துடலாம். எல்லாருக்கும் நிம்மதி" என்றார். நான் மறுத்தேன். குரல் காசிமிரோவுடையது, பேச வைத்துப் பதிவு செய்தது நான் என்று சொன்னேன்.

அதன் பின்னர் நேருக்கு நேர் விசாரிப்பதற்காக அந்தப் பெண்மணியை அழைத்து வந்தார்கள். நான் பேசத் தொடங்கியதுமே, "நீங்க இல்ல" என்றார். நான் இல்லை, ஆனால் பேச வைத்தவன் நான்தான் என்றேன். "அப்ப சொல்லுங்க. எம்புள்ளைய எங்க பொதைச்சீங்க?" என்று கேட்டார். உயிரோடு இருக்கிறார் என்றேன். "நீங்களும் ரேடியோக்காரர்தானே" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆகவே சொல்லக் கூடாததைச் சொல்ல வேண்டியதாயிற்று. அமதேவு டிசம்பர் மாதமே கப்பலில் லிஸ்பனுக்குக் கொண்டுவரப்பட்டார். முகம் சிதைந்தவர்களை ஊரார் கண்ணில் படாமல் வைத்திருக்கும், குன்றின்மேல் உள்ள பழைய கன்னியர் மடத்தில் இருக்கிறார். காசிமிரோ கடிதத்தில் தெரிவித்தார். ஜனவரி 9ஆம் தேதி நானே போய்ப் பார்த்தேன். முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றுகூடக் கிடையாது. தாயாருக்கு இடத்தைச் சொல்ல வேண்டாம் என்று அமதேவு என்னிடம் வாக்கு வாங்கினார். 12ஆம் தேதி நான் வாய் திறக்காததற்கு அந்த வாக்கு பாதிக் காரணம், வேலை போய்விடும் என்ற பயம் மீதிக் காரணம். இந்த இடத்தைச் சொல்வது ராணுவ ரகசியத்தை வெளியிடும் குற்றம் என்று உதவி ஆய்வாளர் எச்சரித்தார். தெரிந்தேதான் சொல்கிறேன்.

அந்தப் பெண்மணி அப்போதும் நம்பவில்லை. "என்ன எழுதினான், அதச் சொல்லுங்க" என்றார். சிலேட்டில் "அம்மாவைக் கூட்டிட்டு வந்துடாதீங்க, அது பாத்துச்சுன்னா" என்று எழுதி, அதற்கு மேல் எழுதாமல் பாதியில் விட்டுவிட்டு, கட்டுக்கு மேலே கண்ணால் சிரித்தார் என்றேன். அதைக் கேட்டதும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். "அவன்தான்" என்றார்.

அதன் பின்னர், இனி அமதேவுவால் பேச முடியாது, எழுத மட்டுமே முடியும், அம்மாவுக்கு எழுத்து தெரியாதே என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை என்பதையும் சொன்னேன். அந்தப் பெண்மணி தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பொறந்து ரெண்டு வருஷம் அவன் பேசவேயில்ல. அப்ப எனக்குப் புரியலையா? எத்தனாம் நம்பர் டிராம் போகும், அதச் சொல்லுங்க" என்றார்.

நான் எண்ணைச் சொன்னேன். அதை எழுத வேண்டாம் என்று உதவி ஆய்வாளர் சொன்னார். எழுத்தர் ஏற்கெனவே எழுதிவிட்டார். பதினெட்டாம் எண், கடைசி நிறுத்தம்.

வானொலியில் வந்த குரல் தன் மகனுடையது அல்ல என்று அந்தப் பெண்மணி சொன்னது உண்மை. உண்மையைச் சொன்னவரை வதந்தி பரப்பியவர் என்று வைத்திருப்பது முறையல்ல, விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்கு உரியதை நான் ஏற்றுக்கொள்கிறேன். பத்து ஆண்டாக என் பெயரோடு வெளிவந்தவற்றுக்கு உறுதி கூற என்னால் முடியாது. இந்தத் தாள்களில் உள்ளதை வாசிக்கக் கேட்டு, நடந்தது நடந்தபடியே இருக்கக் கண்டு ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) அபிலியோ குயின்டேலா

உடன் விசாரிக்கப்பட்டவர்: தெயோலிந்தா வாரெலா. எழுதத் தெரியாததால் விரல் ரேகை.