அசையாத குறுஇழைகளைக் கண்ட கண்கள்

முப்பத்து நான்கு ஆண்டுகள் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து நோயின் முகங்களை எங்களுக்கு அடையாளம் காட்டிய அன்புச் சகோதரியே! ஆய்வக நுட்பநர் அமீருன்னிசா அம்மையாரே! தங்கள் பணிநிறைவு நாளில் தங்களைப் பாராட்ட வந்த நாங்கள், 2009ஆம் ஆண்டின் ஒரு காலைப்பொழுதையே இந்த அவைக்குச் சொல்ல விழைகிறோம்.

காடாம்புலியூரிலிருந்து கொளஞ்சி என்னும் தாய், ஓயாத சளியும் இருமலுமாய் வாடிய எட்டு வயது மகள் சுவேதாவை அழைத்து வந்திருந்தார். இருமுறை காசநோய் மருந்து தின்றும் குணமாகாத குழந்தை. ஒட்டிக்கொள்ளும் என்று பள்ளியிலும் தள்ளிவைக்கப்பட்டவள். மூன்றாம் முறையும் அதே மருந்தை எழுதவிருந்தார் டாக்டர் ஞானசேகரன். அப்போதுதான் அம்மையார் அவர் அறைக்குள் நுழைந்தார்.

"சார், புள்ள மூக்குல எடுத்த செல்லுல ஒரு முடி கூட அசையல."

"ஸ்லைடு காஞ்சிருக்கும்மா. இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி, அப்புறம் பாக்கலாம்."

அம்மையார் தம் மூக்கிலிருந்தே செல்களைச் சுரண்டியெடுத்தார். குழந்தையிடம் மீண்டும் எடுத்தார். இரண்டு கண்ணாடித் தகடுகளுடன் திரும்பினார்.

"இது என்னோடது சார். ரெண்டையும் இப்பத்தான் ஒரே உப்புத்தண்ணியில வெச்சேன். பாத்துட்டு மருந்து எழுதுங்க."

டாக்டர் பார்த்தார். ஒன்றில், செல்லின் மேல் நுண்முடிகளாய் நிற்கும் குறுஇழைகள் காற்றில் நெற்பயிராய் அலையடித்தன. மற்றதில் எதுவும் அசையவில்லை. எழுதத் தொடங்கியிருந்த சீட்டை அவரே கிழித்தார்.

உயிரணுவுக்குள்ளும் புரதத்தாலான சட்டகம் உண்டு. அதன் இழைகள் செல்லுக்கு உருவம் தந்து, இழுவையைத் தாங்குகின்றன. நுண்குழல்கள் உள்ளே பொருள் செல்லும் பாதைகளாகின்றன. குறுஇழைக்குள்ளும் ஓடுபவை அந்நுண்குழல்களே. அவற்றைச் சறுக்கவைக்கும் புரதக் கைகள் இருந்தால்தான் குறுஇழை துடித்துச் சளியை வெளியே தள்ளும். சுவேதாவுக்குப் பிறவியிலேயே அக்கைகள் இல்லை என்று வெளியூர் ஆய்வகம் உறுதிசெய்தது.

"அப்ப எம்புள்ளைக்கு டிபி இல்லியாக்கா?" என்று அம்மையாரின் கைகளைப் பற்றி அழுதார் கொளஞ்சி.

"இல்லவே இல்ல. இத முழுசா மாத்த மருந்தும் இல்லம்மா. தெனமும் முதுவத் தட்டிச் சளிய எடுத்துட்டா நல்லா இருப்பா."

தட்டும் முறையைக் கற்பித்ததோடு அவர் நிற்கவில்லை. பள்ளியில் மீண்டும் சேர்க்கத் தயங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், விடுப்பு எடுத்துப் பேருந்து ஏறினார். தலைமையாசிரியையிடம் சொன்னார்: "இது ஒட்டாது டீச்சர். மத்த புள்ளைங்க பயப்படுறாங்கன்னா நானே பக்கத்துல உக்கார்றேன்."

சொன்னபடியே, சுவேதாவின் சிறிய பெஞ்சில் முழங்கால் இடிக்க அமர்ந்தார். முதல் மணி முடிந்தது. இரண்டாம் மணியும் முடிந்தது. மூன்றாம் மணியில் ஒரு சிறுமி வந்து, "அத்தே, தள்ளுங்க. அது எங்க எடம்" என்றாள்.

அம்மையார் எழுந்து இடம் விட்டார்; சிறுமி சுவேதாவை ஒட்டி அமர்ந்தாள்.

அம்மையீர்! எங்கள் ஆய்வகத்தின் பெருமையே! இறையருளால் நோயின்றி, நூறாண்டு நிறைந்து வாழ்க!

என்றும் தங்கள் அன்பை மறவா
ஆய்வகப் பணியாளர்கள்
சிதம்பரம், 31.5.2012