இழுவையை ஒழித்தவருக்கு ஒரு வாழ்த்துரை

வலிக்காமல் பல் பிடுங்கும் வல்லவரே, வாகன உரிமையாளர் சங்கத்தின் தலைவரே, பல் மருத்துவர் ஐயா அவர்களே! இந்த விழாவுக்காக ஓடி ஓடிச் செருப்பைத் தேய்த்த செயலாளர் அவர்களே! மின்விசிறி எங்கே சுற்றுகிறது என்று பார்த்து இடம் பிடித்த பெரியோர்களே! விசிறிக் காற்று எட்டாத இடத்திலும் முகம் சுளிக்காமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பெட்ரோல் பங்கில் மீட்டர் ஓடும்போது மூச்சை அடக்கிக்கொள்ளும் என் அருமைத் தோழர்களே! மூன்றாம் வரிசை ஓரத்தில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் தங்கச்சியே! அனைவரையும் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

நான் பாத்திரக் கடைக்காரன். ஓசைக்கு அஞ்சாதவன். இன்றைக்கு ‘எரிபொருள் சிக்கனச் செம்மல்’ என்ற விருதை வாங்க வந்திருக்கிறாரே, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், தெருவே ‘காத்தாடி’ என்று செல்லமாய்க் கூப்பிடும் செயல்வீரர், அவர் என் தங்கையின் கணவர். என் மாப்பிள்ளை. இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். வாழ்த்தத்தான் வந்திருக்கிறேன். ஆனால் என் வழியில்தான் வாழ்த்துவேன்.

ஒரு நாள் மாப்பிள்ளை போனில் வீடியோ ஒன்று பார்த்தார். வண்டி ஓடும்போது காற்று அதைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறதாம். அதற்கு ‘இழுவை’ என்று பெயராம். இழுவையைக் குறைத்தால் பெட்ரோல் மிச்சமாம். அவ்வளவுதான். அன்று அந்தச் சொல் பிடித்தது அவரை, இன்றுவரை விடவில்லை.

இழுவை! எப்பேர்ப்பட்ட சொல்! நாம் யாரை இழுவை என்போம்? பேச ஆரம்பித்தால் நிறுத்தாதவரை, ஒட்டிக்கொண்டால் விடாதவரை. ஏன் ஐயா, பின்வரிசையில் என்னைக் கை காட்டுகிறீர்கள்? பொறுங்கள், பொறுங்கள்!

முதலில் தன் காரின் சக்கரத்தில் இழுவை கண்டார். சக்கரத்தின் ஓட்டைகளில் காற்று புகுந்து கும்மாளம் போடுகிறதாம். மூட வேண்டும். எதை வைத்து மூடினார்? கல்யாணத்துக்கு நான் ஆசை ஆசையாய் எடுத்துக் கொடுத்த சட்டிகளின் எவர்சில்வர் மூடிகளை வைத்து மூடினார்! அடுப்பில் சட்டி மூடியில்லாமல் தவித்தது. தெருவில் சக்கரம் மூடி போட்டுக்கொண்டு மினுக்கியது.

அடுத்து வண்டியின் மூக்கில் இழுவை கண்டார். தெர்மாகோலை வெட்டி ஒட்டினார். காற்று உள்ளே போகவில்லை. சூடும் வெளியே வரவில்லை. கடைக்குப் போகும் வழியிலேயே வண்டி புகை கக்கி நின்றது. “வண்டி கொதிக்குதுங்க!” என்றாள் என் தங்கை. “கொதிக்கட்டும். இழுவை குறைஞ்சிருக்கு பாரு!” என்றார் மாப்பிள்ளை.

பிறகு பின்புறம் ஒரு வால் முளைத்தது. பிளாஸ்டிக் ஷீட்டில், மீன் வால் மாதிரி நீண்ட வால். வால் வந்ததும் டிக்கி திறக்கவில்லை. வெங்காயப் பையும் அரிசிப் பையும் என் தங்கையின் மடியில் ஏறின. ஏசி போட்டால் பெட்ரோல் போகும், ஜன்னலை இறக்கினால் இழுவை வரும். “வேகுதுங்க, கொஞ்சம் இறக்குங்க” என்பாள். “இறக்கினா இழுவை!” என்பார். இடியாப்பச் சிக்கலான இந்த வாழ்க்கையையும் அவள் சிரித்துக்கொண்டேதான் நடத்தினாள் ஐயா.

சரி, இத்தனை ஏற்பாடும் எந்தப் பெருவழிச் சாலைக்காக? புயலைக் கிழித்துப் போகவா? மாப்பிள்ளை வீட்டிலிருந்து கடைக்குப் போகிறார். கடையிலிருந்து வீட்டுக்கு வருகிறார். நடுவில் இருப்பது நம் கடைத்தெரு. அங்கே கைவண்டிக்காரர் மாப்பிள்ளையை முந்துகிறார்! காற்றே நுழையாத சந்தில் காற்றோடு மல்லுக்கு நின்ற மாவீரன் இவர் ஒருவர்தான்.

சிரிக்காதீர்கள் தலைவர் அவர்களே. உங்கள் கதையும் வருகிறது.

அடுத்து, பக்கக் கண்ணாடி இரண்டிலும் இழுவை கண்டார். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடும் உத்தமர், தன் வண்டிக் கண்ணாடியைக் கழற்றி வீசினார்! பிறகு பின்னால் வருவதை யார் பார்ப்பது? யார் சொல்வது? என் தங்கை! “லாரி வருது, ஓரம் போங்க. பைக் ஒண்ணு முட்டுற மாதிரி வருது, நில்லுங்க.” கழுத்தைத் திருப்பித் திருப்பி அவளே கண்ணாடியானாள்.

அந்தக் கண்ணாடியையும் இவர் கழற்றினார். எப்படி என்று கேளுங்கள்.

ஒரு சாயங்காலம் மாப்பிள்ளை வாசலில் நின்று, பட்டறைக்காரரிடம் போனில் பேசுகிறார். “எல்லாம் முடிஞ்சுதுப்பா. எனக்குப் பக்கத்துல ஒரே ஒரு இழுவைதான் பாக்கி. நானும் எவ்வளவோ பொறுத்துப் பாத்துட்டேன். அதை ஒழிச்சுக் கட்டிட்டா வண்டி பறக்கும்!” உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த என் தங்கையின் காதில் இது விழுகிறது. அவருக்குப் பக்கத்தில் இருப்பது யார்? தாய்மார்களே, உங்களுக்குப் புரிகிறது. மறுநாள் காலை வண்டியில் ஏறப் போகிறாள். அவள் பக்கத்துக் கதவைச் சுற்றி அகலமான டேப் ஒட்டி அடைத்திருக்கிறது. கைப்பிடி இருந்த இடமே தெரியவில்லை. “என் பக்கமா ஏறி அப்படியே நகர்ந்துக்கோயேன்” என்கிறார் இவர், ரொம்ப சாதாரணமாய்.

அவள் ஏறவில்லை. பெட்டியைக் கட்டினாள், பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவள் என் மனைவியோடு கூட்டணி சேர்ந்துவிட்டாள். டிவி ரிமோட்டை நான் தொட்டே நாளாகிறது. அது போகட்டும்! நாளைக்கு அவள் தனியாக இருக்கப் பார்த்திருக்கும் வாடகை வீட்டுக்குச் சாவி வாங்கப் போகிறாள்.

இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? மைலேஜ் கூடிவிட்டது என்று சங்கத்துக்கு எழுதிப் போட்டார்! எந்த மாதத்துக்கு இந்த விருது? என் தங்கை வண்டியில் இல்லாத மாதத்துக்கு! மைலேஜ் கொடுத்தது வாலா? இல்லை! மூடியா? இல்லை! தெர்மாகோலா? இல்லவே இல்லை! இறங்கிப் போனவள் கொடுத்தாள்! அவளும் அவள் மடியில் இருந்த அரிசியும் வெங்காயமும் கொடுத்தன! அப்படியானால் இந்தக் கோப்பை யாருக்குப் போக வேண்டும்? சொல்லுங்கள்! யாருக்கு?

கைதட்டுகிறீர்கள். நன்றி. தலைவர் அவர்களே, கண்ணாடியும் இல்லாமல், கண்ணாடியாய் இருந்தவளும் இல்லாமல், போன வாரம் மாப்பிள்ளை பின்னால் எடுத்த வண்டிதான் உங்கள் வீட்டு கேட்டை வளைத்தது. யார் யாரென்று தேடிக்கொண்டிருந்தீர்களே, இதோ, உங்கள் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார்.

தலைவர் ஒரு சீட்டு அனுப்புகிறார். ‘இழுக்காதீர்கள்’ என்று எழுதியிருக்கிறார். இங்கேயும் இழுவையா!

என்ன மாப்பிள்ளை, எழுந்துவிட்டீர்கள்? மைக்கை அவரிடம் கொடுங்கள்.

“ஐயோ மச்சான், நான் சொன்னது கதவுக் கைப்பிடியை! அதான் காத்தைப் பிடிச்சு இழுக்குதுன்னு… அவளைப் போய் நான் அப்படிச் சொல்வேனா? எதுக்குப் போனான்னே இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது மச்சான். டேப் ஒட்டினதுக்குக் கோபம்னு நினைச்சேன். வண்டி லேசாத்தான் ஓடுது. ஆனா ‘லாரி வருது, ஓரம் போங்க’ன்னு சொல்ல ஆள் இல்ல. கிளப்பவே பிடிக்கல.”

கேட்டாயா தங்கச்சி? கைப்பிடியாம்! என்ன, நீயும் எழுந்துவிட்டாயா?

“அண்ணே, அவர் எதைச் சொன்னார்ங்கிறது இருக்கட்டும். என் கதவு திறக்குமா, திறக்காதா? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

நியாயமான கேள்வி. மாப்பிள்ளை, கோப்பை இப்படி மேசையில் இருக்கட்டும். வண்டி வாசலில்தானே நிற்கிறது? ஓடுங்கள்!

ஓடுகிறார், பாருங்கள். இவ்வளவு வேகமாக அந்த வண்டிகூட ஓடியதில்லை. வழி விடுங்கள் ஐயா. அமைதி. விசிறியை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். தாய்மார்களே, காதைக் கொடுங்கள்.

சர்ர்ர்ர்… கேட்கிறதா? சர்ர்ர்ர்… டேப் கிழிகிறது! நாற்பது வருடமாய்ப் பாத்திரக் கடையில் எத்தனையோ ஓசை கேட்டவன் நான். இதைவிட இனிய ஓசை என் காதில் விழுந்ததில்லை.

பெரியோர்களே, ஆளை இறக்கிவிட்டு ஓடுவது எந்த வண்டிக்கும் கைவந்த கலைதான். ஏற்றிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, பேச்சு வாங்கிக்கொண்டு, பெட்ரோலையும் கொஞ்சம் குடித்துக்கொண்டு வீடு வந்து சேர்கிறதே, அதுதான் வண்டி. அதுதான் குடும்பம்.

தங்கச்சி எழுந்து போகிறாள். வாசல் வரை போய்விட்டு ஏன் திரும்பிப் பார்க்கிறாய்? என்னது? “சட்டி மூடி நாலையும் கழட்டிக் கொடுத்தாத்தான் ஏறுவேன்” என்கிறாள். கொடுத்துவிடுங்கள் மாப்பிள்ளை!

பொறுமையாய்க் கேட்ட தாய்மார்களுக்கும், கேட் வளைந்தும் கோபம் காட்டாத தலைவருக்கும் நன்றி. உங்கள் வீட்டுக் கதவுகளெல்லாம் திறக்கட்டும். உங்கள் பக்கத்து இருக்கையில் ஒரு இழுவை என்றென்றும் உட்கார்ந்திருக்கட்டும். வணக்கம்!