தொடாத கிண்ணம்

தம்பி: அண்ணா, அந்தத் தொட்டிச் செடிக்கு ஞானஸ்நானம் ஆயிடுச்சா?

அண்ணன்: என்னடா உளர்ற? கப்பைக் கழுவு.

தம்பி: இல்ல, ஞானஸ்நானம் ஆனவங்களுக்குத்தானே சபையில ராப்போஜனம்? நீ அதுக்கும் குடுக்கிறியே... அதான் கேட்டேன்.

அண்ணன்: யாரு, நானா?

தம்பி: பின்ன யாரு? தட்டு உன்கிட்ட வந்துச்சு. கப்பை எடுத்தே. பாஸ்டர் ஜெபம் பண்ண ஆரம்பிச்சதும் அப்படியே ஜன்னலோரம் சாய்ச்சு... திராட்சை ரசம் முழுக்க செடிக்கு!

அண்ணன்: ஜெப நேரத்துல உனக்கு ஏன் கண்ணு திறந்திருந்துச்சு?

தம்பி: அதை விடு. போன மாசமும் ஊத்தினே.

அண்ணன்: பல்லு கூசுதுடா...

தம்பி: அப்பத்தையும் சட்டைப்பையில போட்டியே. அதுக்குமா பல்லு கூசுது? அண்ணா! எத்தனை மாசமா நடக்குது இது?

அண்ணன்: மெதுவாப் பேசு. வெளியில எல்லாரும் இன்னும் போகல.

தம்பி: எத்தனை மாசம்?

அண்ணன்: எட்டு.

தம்பி: எட்டா! அப்ப... அம்மா போனதுலேர்ந்தா? ஐயோ, நீ சபை மூப்பர் அண்ணா! தட்டை அடுக்குறதே நீதான்! ஊருக்கெல்லாம் பரிமாறிட்டு நீ மட்டும்...

அண்ணன்: முடியலடா. "யாரோடயாவது மனஸ்தாபம் இருந்தா முதல்ல போய் ஒப்புரவாகுங்க, அப்புறம் இதைத் தொடுங்க"ன்னு பாஸ்டர் மாசாமாசம் சொல்றாரே... அதைக் கேட்டதும் கப்பைச் சாய்ச்சுடறேன்.

தம்பி: உனக்கு யாரோட மனஸ்தாபம்? நீ ஈ எறும்புக்குக்கூட கெட்டது நினைக்க மாட்டியே... அண்ணியோடயா?

அண்ணன்: உன்னோட.

தம்பி: என்னோடயா! என்னண்ணா சொல்றே? நேத்துகூட உன் வீட்டுலதானே சாப்பிட்டேன்!

அண்ணன்: உனக்கு விஷயம் தெரியாது. தெரிஞ்சா என் வாசப்படியே மிதிக்க மாட்டே.

தம்பி: என்னன்னு சொல்லு.

அண்ணன்: அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப... நீ இங்க மூணு நாள் உபவாச ஜெபம் நடத்தினே.

தம்பி: ம்.

அண்ணன்: பச்சைத்தண்ணி பல்லுல படாம முட்டி போட்டுக் கிடந்தே. சபையே உன்கூட அழுதுச்சு. "எங்கம்மா எழுந்து நடந்து வருவாங்க"ன்னு மைக்குல சொன்னே.

தம்பி: சொன்னேன்.

அண்ணன்: மூணாம் நாள் சாயங்காலம், "தூக்கத்துலயே கர்த்தர்கிட்ட போயிட்டாங்க"ன்னு உனக்கு போன் பண்ணேன்ல... அது பொய்டா. டாக்டர் என்னைத் தனியா உக்கார வெச்சு சொன்னார். மூளை செத்துடுச்சு, மெஷின்தான் மூச்சு விடுது, எடுக்கிறதுக்கு வீட்டு ஆள் ஒருத்தர் கையெழுத்துப் போடணும்னார். போட்டேன்டா. நீ இங்க உயிரைக் குடுன்னு கதறிட்டு இருக்கே... நான் அங்க பேனாவைத் திறக்கிறேன்.

தம்பி: அண்ணா...

அண்ணன்: மெஷினை எடுத்தப்புறம் பதினோரு நிமிஷம். அம்மா கை என் கையிலதான் இருந்துச்சு. இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தா உன் ஜெபம் பலிச்சிருக்குமோ? கர்த்தர் வர்றதுக்குள்ள நான் அவசரப்பட்டுட்டேனோ? அந்த நினைப்புதான்டா என்னைத் தின்னுது.

தம்பி: போதும்ணா...

அண்ணன்: என்ன போதும்? திட்டுடா. ரெண்டு அறை விடு, வாங்கிக்கிறேன். ஏன் மரம் மாதிரி நிக்கிறே? செடிக்கு ஊத்தினதுக்கு வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சே. பெத்தவ விஷயத்துல ஒரு "ஐயோ"கூடவா வரல உனக்கு?

தம்பி: கப்பை இங்க குடு. மீதியை நான் கழுவிடறேன்.

அண்ணன்: டேய்... இங்க திரும்பு. என் முகத்தைப் பாரு. பாருடா!

தம்பி: ம்...

அண்ணன்: உனக்கு முன்னாடியே தெரியுமா?

தம்பி: ...

அண்ணன்: அடப்பாவி... தெரியுமா! யாரு சொன்னா? உன் அண்ணிகிட்டகூட நான் மூச்சு விடலையேடா!

தம்பி: ஆஸ்பத்திரியில என் நம்பர்தான் குடுத்திருந்தோம்; டாக்டர் கையெழுத்துக்கு முதல்ல எனக்குத்தான் போன் பண்ணார்ணா. மூணாம் நாள் காலையில. "அண்ணன்தான் பெரியவர், அவரைக் கேளுங்க, என்கிட்ட பேசினதை மட்டும் சொல்லிடாதீங்க"ன்னு கெஞ்சிட்டு போனை வெச்சேன். எழுந்து நடந்து வருவாங்கன்னு நான் சபையில சொன்னது... அதுக்கு அப்புறம்தான்.