துரை வேஷம்

"அந்த வெள்ளைக்காரனுக்குத் துரை வேஷம் கட்டத் தெரியலீங்க."

பரமத்தி வேலூர் பஸ்ஸில் என் முன்சீட்டிலிருந்த நாடகக்காரர், பக்கத்து வெற்றிலை வியாபாரியிடம் சொன்னார்.

"அவன் நெசத் துரைதானுங்களே?"

"ஆமாங்க, ஏற்காட்டுல இருக்கறான். சீமையில நாடகக்காரனாமா. இத்தனை வருசம் மேடையில துரைன்னா நாந்தான். சினிமாக்காரங்க என்னை உட்டுப்போட்டு அவனைப் புடிச்சுட்டாங்க. படத்துக்குப் படம் அவந்தான் கலெக்டரு, அவந்தான் ஜட்ஜு."

"'நான் டமில் நல்லா பேசும்'னு அவன் சொன்னதும் கொட்டாயே சிரிச்சுதுங்களே."

"சிரிக்காம? எங்க நாடகத்தை முன்வரிசையில உக்காந்து பாத்துட்டுப் போனவனாச்சுங்களே."

"அப்புறம் என்னங்க, துரையாட்டந்தான இருக்கறான்?"

நாடகக்காரர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வேலூர் வந்துவிட்டது.

"எங்கீங்க, என்னையாட்டமல்ல இருக்கறான்."