துக்கப் பாட்டின் வேகம்

எண்பதுகளில் ஒரு மழைநாள். நாயுடுபுரம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில், மாதா கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவர் ஆர்மோனியப் பெட்டியை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் மப்ளர் சுற்றிய ஒருவர்.

“பதினோரு பேர டான்ஸ் பாட்டுல அடக்கம் பண்ணிருக்கேன்,” என்றார் ஆர்மோனியக்காரர்.

“என்ன மாஸ்டர் சொல்றீங்க?”

“இங்க மலைல போர்டிங் ஸ்கூல் முடிச்சு ஊருக்குப் போற வெள்ளைக்காரப் பிள்ளைக வித்த சின்ன ரிகார்டு. அதக் கேட்டுத்தான் நம்ம அடக்கப் பாட்டுக்கு மெட்டு எடுத்தேன்.”

“இங்கிலீஷ்லயே இத விடச் சோகமான பாட்டு கெடையாதுன்னு எல்லார்ட்டயும் சண்ட போடுவீங்களே, அதுவா?”

“அதேதாங்க. சின்ன ரிகார்டு வெரசாச் சுத்தணுமாம். நான் பெரிய ரிகார்டு மாதிரி மெதுவாச் சுத்த விட்டிருக்கேன். நேத்து ஹோட்டல்ல சரியான வேகத்துல போட்டாங்க. அத்தன சோடியும் எந்திரிச்சு ஆடுது. நான் மட்டும் குல்லாவக் கழட்டிட்டு நிக்கிறேன்.”

“அப்ப நாளைக்கு அடக்கத்துக்கு?”

“அதே பாட்டுதான். வேற ரிகார்டு கெடைக்கணும்னா, ஸ்கூல் லீவு விட இன்னும் ரெண்டு மாசம் கெடக்கே.”

மப்ளர்காரர் சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எங்கப்பா அடக்கத்துல அந்தப் பாட்டுக்கு என் காலு தானாத் தாளம் போட்டுச்சு மாஸ்டர். அதுக்குச் சாமியார்ட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணி, செபமாலைல அம்பத்திமூணு மணி செபம் சொன்னேன்.”