ஐந்து பாவு, முப்பத்திரண்டு வாரம்

கைக்கடிகாரத்தை வெளியே கழற்றி வைக்கச் சொல்லிவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர். டாக்டராகிய நாள் முதல் அது இல்லாமல் நான் எங்கும் உட்கார்ந்ததில்லை. கை மொட்டையாக இருக்கிறது. பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள். நர்ஸ் பெரியநாயகி உங்களுக்குக் கொடுத்த புகார் பொய் என்று நான் சொல்லப்போவதில்லை. பத்து வருடம் என்னிடம் வேலை பார்த்தவள். பொய் சொல்ல அவளுக்கு வராது.

சின்ன காஞ்சிபுரத்தில் நர்சிங் ஹோம் திறந்த முதல் வருடமே குறைமாதக் குழந்தைகள் மூன்று என் கையில் போயின. நுரையீரலுக்குள் ஊறவேண்டிய வழவழப்பு ஊறியிருக்காது, காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே இழுக்கும். அதைப் பார்க்க எனக்குச் சகிக்காது. இன்றைக்கும் சகிக்காது.

அப்போதுதான் ஒரு பெப்டைட் ஹார்மோனைப் பற்றிப் படித்தேன். மூன்றே அமினோ அமிலம் கோத்த சின்னப் பொருள். தாய்க்கு ஊசியாகப் போட்டால் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்க் குழந்தையின் தைராய்டைத் தூண்டிவிடும். நுரையீரல் சீக்கிரம் முதிரும். அப்படித்தான் நம்பினார்கள். பிறகு, பலன் இல்லை, கெடுதல்கூட உண்டு என்று வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. படித்தேன். அவர்கள் ஊர்ப் பெண்கள் வேறு, நம் பெண்கள் வேறு என்று மூடிவைத்தேன்.

எனக்கு ஒரே ஒரு தொல்லைதான். குறைமாதத்தில் வலி கண்டு வருகிறவளுக்கு ஊசி போடுவேன், வலி தானாகவே நின்றுவிடும். வீட்டுக்குப் போய்ப் பத்து மாதமும் சுமந்து கொழுகொழுவென்று பெற்றெடுப்பாள். சந்தோஷம்தான். ஆனால் ஊசி வேலை செய்ததா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

சங்கரி வலி கண்டு வந்தது தொண்ணூற்றாறு ஐப்பசியில். நெசவாளர் வீரபாகுவின் மனைவி, தலைப்பிள்ளை. தேதி கேட்டால் நெசவுத் தெருப் பெண்கள் பாவுக் கணக்கைத்தான் சொல்வார்கள். தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்தான் பாவு; ஒரு பாவுக்கு மூன்று சேலை, நாற்பத்தைந்து நாள். பட்டணத்து டாக்டர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். நான் விரலிலேயே போட்டுவிடுவேன்.

"கடைசியா தலைக்கு ஊத்திக்கினதுலேர்ந்து அஞ்சு பாவு முடிஞ்சிருக்குதும்மா" என்றாள்.

ஐந்து பாவு என்றால் முப்பத்திரண்டு வாரம். ஆனால் அவள் நிறுத்தவில்லை.

"கடைசி ரெண்டும் தீபாவளி அவசரம்மா. எங்க வூட்டுக்காரரும் கொழுந்தனாரும் மாத்தி மாத்தி உக்காந்துக்கினு, ஒவ்வொண்ணையும் ஒரு மாசத்துக்குள்ளயே முடிச்சிட்டாங்க."

கேட்டுக்கொண்டேன். நோட்டில் முப்பத்திரண்டு என்று எழுதினேன்.

இரண்டு நாள் அந்த ஹார்மோன் ஊசி போட்டேன். மூன்றாம் நாள் காலையில் வலி சுத்தமாக நின்றுவிட்டது. எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள்.

"வலிதான் நின்னுடுச்சே டாக்டரம்மா, வூட்டுக்கு அனுப்பிடலாமா?" என்றாள் பெரியநாயகி.

நான் டிரிப் மாட்டினேன். சத்து டிரிப் என்று சங்கரியிடம் சொன்னேன். "நல்லா ஏத்துங்கம்மா, புள்ளைக்குச் சத்து போவட்டும்" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். அதில் இருந்தது ஆக்ஸிடோசின். அதுவும் பெப்டைட் ஹார்மோன்தான். கருப்பையைச் சுருங்க வைத்துப் பிரசவத்தைக் கொண்டுவருவது.

மறுநாள் காலை ஆறே காலுக்கு ஆண் குழந்தை பிறந்தது. எண்ணூற்றுத் தொண்ணூறு கிராம். எடையைப் பார்த்ததும் பெரியநாயகி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய ஓடினாள். வேண்டாம் என்று தடுத்தேன். நடுவில் வேறு இடத்துக்கு அனுப்பினால், ஊசியின் பலனை மணிக்கணக்காகக் குறிக்க நான் போட்டுவைத்திருந்த அட்டவணை பாதியில் நின்றுபோகும்.

வாரக் கணக்கு தப்பிவிட்டது என்று சொல்லும்படி என் வக்கீல் சொன்னார். பாவுக் கணக்கு எனக்குத் தப்பாது. அவள் சொல்லி முடிக்கும்போதே இருபத்தேழு வாரம் என்று தெரியும். அப்படி எழுதியிருந்தால் டிரிப் மாட்ட எனக்கே மனம் வந்திருக்காது. அதனால்தான் முப்பத்திரண்டு என்று எழுதினேன்.

என்னைக் கல்நெஞ்சக்காரி என்று வீரபாகு சொன்னாராம். மனசு வலிக்கிறது. மூச்சுக்குத் திணறும் குழந்தையைப் பார்க்க எனக்குச் சகிக்காது என்று முதலிலேயே சொன்னேனே. ஆறே காலிலிருந்து, பத்தரைக்கு அந்த மூச்சு நிற்கும் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து, கடிகாரத்தை மட்டும்தான் பார்த்தேன்.