ஒரு ஏணிக்குப் பத்து நிமிஷம்

உங்களுக்கு ஒரு சின்னக் கதை சொல்லியாகணும். கதைன்னா கதை இல்லைங்க... என் மானம் போன சம்பவம். வெளியில யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு எங்க தமிழ் மன்றத்துல தீர்மானமே போட்டிருக்கோம். அதனாலதான் மைக்கில சொல்றேன்.

எங்க மன்றத்துக்கு பெனிட்டான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. வீடியோ கேம் செய்யுற கம்பெனியில வேலை. அந்த விளையாட்டுல ஒரு சூப்பர் ஹீரோ. முகமூடி உண்டு, முதுகுல சிவப்புத் துணி உண்டு. ஆனா பறக்க மாட்டான், யாரையும் அடிக்க மாட்டான். அவன் கையில ஒரு நோட்டு. அதுல நாம எந்தச் சொல்லை எழுதுறோமோ அது அப்படியே எதிர்ல வந்து நிக்கும். குடைன்னா குடை, கிழிஞ்ச குடைன்னா கிழிஞ்ச குடை. அதை வச்சு ஆபத்துல இருக்கிறவங்களைக் காப்பாத்தணும். எங்களுக்கு ஒரே பெருமை. நாப்பது வருஷமா நாங்களும் எழுதிட்டுத்தானே இருக்கோம்... எதுவும் வந்து நின்னதில்லை, அது வேற விஷயம்.

அந்த விளையாட்டைத் தமிழ்ல கொண்டுவர அந்தப் பொண்ணு ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டி, பதினெட்டாயிரம் சொல்லை உள்ளே ஏத்தியிருக்கு. முதலாளிக்கு நம்பிக்கை வரலை. தமிழ் தெரிஞ்ச நாலு பேர், கேம் பழக்கமே இல்லாதவங்க, முதல் கட்டத்தைப் பத்து நிமிஷத்துல முடிக்கணும். இல்லைன்னா தமிழ் கிடையாதுன்னுட்டார். பெனிட்டா ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கக் கூடாது. ஒன்றரை வருஷ உழைப்பை அந்தப் பொண்ணு யாரை நம்பி எடுத்துட்டு வந்துச்சு? எங்களை. விதின்னா என்னன்னு இப்பப் புரியுதா?

திரையில ஒரு வீடு தீப்பிடிச்சு எரியுது. மாடி ஜன்னல்ல ஒரு அம்மா, இடுப்புல குழந்தை. கீழே இறக்கணும். அவ்வளவுதான். நேரம் ஓட ஆரம்பிச்சாச்சு.

முதல்ல ஹீரோவுக்கு ஒரு பேர் கேட்டுச்சு. எங்க மன்றத் தலைவர் புலவர் செந்தூரப்பாண்டியன், தன் பேரையே மூணு பட்டத்தோட சேர்த்து டைப் அடிச்சார். பேர் எழுதுற இடம் பத்தலை. பட்டத்தை எடுத்துடுங்கன்னு நாங்க கெஞ்சினோம். எடுப்பாரா? ரெண்டு நிமிஷம் போராடி, கடைசியில பேரை எடுத்துட்டு ஒரு பட்டத்தை மட்டும் வச்சுக்கிட்டார்.

அடுத்து, ஏணி வேணும்னு புலவருக்குத் தோணாம இல்லை. தோணுச்சு. ஆனா மேடையில ஊறின கை... வெறும் ஏணின்னு அடிக்குமா? 'வானளாவிய ஏணி'ன்னு அடிச்சார். வந்துச்சுங்க. ஜன்னலைத் தாண்டி, மொட்டை மாடியைத் தாண்டி, மேகத்துக்குள்ள போயிடுச்சு. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவுல மூணு ஆள் உயரம். யார் கால் வைக்கிறது?

செயலாளர் கவிஞர் நல்லுசாமி, நகருங்கன்னு உட்கார்ந்தார். தீயை அணைக்க ஒரு வாளித் தண்ணி கேட்கலாம்ல? 'பொங்கி எழும் பேரலை' கேட்டார். தெருவுல நின்ன ஏழு கார், ஒரு எருமை, போக்குவரத்துப் போலீஸ்காரர்... எல்லாரும் போய்ச் சேர்ந்தாங்க. மாடியில தீ மட்டும் பத்திரமா இருந்துச்சு. பெனிட்டா துப்பட்டா நுனியை மென்னுக்கிட்டு இருக்கு.

மூணாவது யாருன்னு கேட்கிறீங்களா? நகைச்சுவைத் தென்றல்... நான்தான். நான் என்ன அடிச்சேன் தெரியுமா? 'அஞ்சா நெஞ்சம் கொண்ட தலைவன்'. தலைவன் வந்தான். எரியுற வீட்டுக்கு முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்னான். நின்னான்... நின்னுக்கிட்டே இருந்தான். அஞ்சாதவன் எதுக்குங்க ஓடணும்? நான் அஞ்சக்கூடாதுன்னுதான் எழுதினேன், காப்பாத்தணும்னு எழுதலையே. இதோட விட்டோமா? தலைவன் வெறுங்கழுத்தோட நிக்கிறானேன்னு, புலவர் குறுக்கே பூந்து 'நறுமணம் கமழும் மாலை' ஒண்ணு அடிச்சார். எட்டாவது நிமிஷம்.

அந்தப் பொண்ணுக்குப் பொறுக்கலை. தாழ்ந்த குரல்ல சொல்லுச்சு...

"சார்... மேல அந்த அம்மா இன்னும் நிக்கிறாங்க சார்."

மிச்சம் ஒரே ஆள், எங்க பொருளாளர் ரஹ்மத் பீவி. தந்தி ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவங்க. கூட்டத்துல அவங்க பேசினதே இல்லை. அதாவது, நாங்க விட்டதில்லை. எழுந்து வந்தாங்க. தள்ளுங்க புலவரேன்னாங்க. மூக்குக் கண்ணாடியை ஏத்திக்கிட்டு, ஒத்தை விரலால ரெண்டே எழுத்து. 'ஏணி'.

ஒரு சாதாரண மரஏணி, சமத்தா ஜன்னல்ல சாஞ்சு நின்னுச்சு. அந்த அம்மா குழந்தையோட படிப்படியா இறங்கி வந்தாங்க. நாப்பது விநாடி மிச்சம். தமிழ் பிழைச்சுது. பெனிட்டா பீவியம்மா தோள்ல சாஞ்சு அழுதுடுச்சு.

இவ்வளவுக்கு அப்புறமும் எங்க புலவர் என்ன கேட்டார் தெரியுமா?

"இருந்தாலும்மா... மொட்டையா ஏணின்னா, நல்லாவா இருக்கு?"

பீவியம்மா திரும்பினாங்க.

"புலவரே, தந்தி கொடுக்க வர்றவரு 'பாசமிகு அண்ணனுக்கு, ஆற்றொணாத் துயரத்தோடு'ன்னு ஆரம்பிப்பாரு. அவ்வளவையும் வெட்டிட்டு 'அப்பா கவலைக்கிடம், உடனே வா'ன்னு அனுப்புவேன். அண்ணன் ராத்திரி ரயிலைப் பிடிக்கணும். அதுக்கு என்ன தேவையோ அது போதும்."

ஏங்க... இதை எதுக்கு இங்க சொல்றேன்? தவிக்கிறவங்க முன்னாடி நாம அடுக்குற அலங்காரம் அவங்களுக்கு இல்லைங்க. அது நமக்கு நாமே பூசிக்கிற சந்தனம். தேவையைக் கேட்டு, அதை மட்டும், அப்பவே கொடுக்கிறதுதான் உதவி.

இந்த விழா அழைப்பிதழ்ல என்ன அச்சடிச்சிருக்கோம்? 'மனிதநேய வெள்ள நிவாரணப் பெருவிழா'. மண்டப வாசல்ல கீழத்தெருக்காரங்க அறுபது பேர் காலையில பத்து மணியில இருந்து நிக்கிறாங்க. வீட்டுக்குள்ள முழங்கால் சேறு. அவங்க கேட்டது என்ன? பாய். படுக்க ஒரு பாய். அது இந்த மேடைக்குப் பின்னாடி கட்டுக்கட்டா இருக்கு. இப்ப மணி ஒண்ணேகால். நான் ஆறாவது வாழ்த்துரை. எனக்கு அப்புறம் அஞ்சு பேர் தொண்டையைச் செருமிக்கிட்டு இருக்காங்க.

விழாத் தலைவர் மன்னிக்கணும். எனக்கு இன்னும் பன்னிரண்டு நிமிஷம் பாக்கி இருக்கு, எனக்கு வேண்டாம். நான் இறங்குறேன். முன் வரிசையில இருக்கிறவங்க எழுந்திரிங்க... கதவைத் திறங்க. பாயை எடுங்க.